கூப்பிடு தூரத்தில் ஒரு தீவு

சென்னைப்பட்டணத்து வாசிகளிடம் "தீவு" என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலோருக்கு முதலில் ஞாபகம் வருவது தீவுத்திடலும், அங்கே வருஷந்தோறும் நடக்கும் பொருட்காட்சியும், குடை அகலத்துக்குப் பொரித்துக் கொடுக்கும் டெல்லி அப்பளமுந்தான். சற்றுப் பூகோளம் படித்தவர்கள் அந்தமானைச் சொல்லுவார்கள். சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி, இரண்டு மூன்று நாள் தலைசுற்றலைப் பொறுத்துக்கொண்டு போய்ச் சேரவேண்டிய இடம் அது. பணமுள்ளவர்கள் ஆகாய விமானத்தில் மாலத்தீவுக்குப் போய், நாலு நாள் கழித்துக் கறுத்துத் திரும்பி வருகிறார்கள். இவர்களில் எவருக்குமே, இராயபுரத்திலிருந்து புறநகர் ரயிலில் ஒரு மணி நேரப் பிரயாணத்துக்குள்ளாகவே அசலான தீவு ஒன்று கிடக்கிறது என்பது தெரியாது. அதன் பெயர் காட்டுப்பள்ளி.

தீவு என்றால் நாலு புறமும் நீர் சூழ்ந்த நிலம் என்று கீழ் வகுப்புகளில் சொல்லிக்கொடுக்கிறோம். காட்டுப்பள்ளி இந்த இலக்கணத்துக்குச் சிறிதும் பிசகாதது. கிழக்கே வங்காள விரிகுடா. தெற்கே கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் எண்ணூர் முகத்துவாரம். வடக்கே பழவேற்காட்டு ஏரியின் முகத்துவாரம். மேற்கே ஆற்றின் கிளைகளும் உப்பங்கழிகளும் பக்கிங்ஹாம் கால்வாயும். கடலுக்கும் கழிக்கும் நடுவே, தெற்கு வடக்காக நீண்டு ஒடுங்கிய மணல் வரப்பு என்று சொல்லலாம். புயல் வந்தால் முதல் அடியை வாங்கிக்கொண்டு உள்நாட்டைக் காப்பது இந்த வரப்புத்தான். ஆனால் இதன் மேல் இன்று இரண்டு பெரிய துறைமுகங்கள் உட்கார்ந்திருப்பதால், லாரியில் போகிறவர்கள் பாலத்தைத் தாண்டுவதைக்கூடக் கவனிப்பதில்லை.

இந்தத் தீவுக்கும் அதன் சுற்றுப்புறத்துக்கும் போக விரும்பும் குடும்பத்தாருக்குச் சில யோசனைகள் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். எங்கே தங்கலாம், எங்கே நல்ல காபி கிடைக்கும் என்ற விஷயங்களில் நான் அதிகம் உதவ முடியாது. தங்கும் விடுதிக்காக அங்கே எவரும் போவதில்லை. அங்கே போய் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதைத்தான் நான் சொல்லப் போகிறேன்.

முதலில் வழி. இராயபுரம் ரயில்வே ஸ்டேஷன் 1856-ம் வருஷம் ஜூலை மாதம் திறக்கப்பட்டது. தென்னிந்தியாவின் முதல் பிரயாணி ரயில் அங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. அந்தத் தூண்களை ஒரு தரம் பார்த்துவிட்டுப் பிரயாணத்தைத் தொடங்குவது பொருத்தமாயிருக்கும். 2021 பிப்ரவரி முதல் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை ஓடுகிறது. தீவுக்குப் போகிறவர்களுக்கு அது போதாது. சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி மார்க்கத்துப் புறநகர் ரயிலைப் பிடித்து, மீஞ்சூரில் இறங்கிக் கிழக்கே போகும் ரஸ்தாவில் செல்வது ஒரு வழி. பொன்னேரியில் இறங்கி, பஸ் ஏறிப் பழவேற்காடு சென்று, பாலத்தைத் தாண்டிக் கலங்கரை விளக்கத்தண்டை தீவின் வடகோடியை அடைவது மற்றொரு வழி. குழந்தை குட்டிகளோடு போகிறவர்களுக்கு இரண்டாவதே உத்தமம். முதல் வழியில் நிலக்கரி லாரிகளும் கண்டெய்னர் லாரிகளும் மலைபோல் வந்துகொண்டேயிருக்கும்.

அவசரமில்லாதவர்கள் நடுவில் திருவொற்றியூரில் இறங்கித் தியாகராஜ சுவாமியையும் வடிவுடையம்மனையும் தரிசித்துப் போகலாம். சுந்தரர் சங்கிலி நாச்சியாரை மணந்த ஸ்தலம் அது. கடற்கரையோரத்தில் பட்டினத்தார் சமாதியும் இருக்கிறது. செல்வமனைத்தையும் துறந்த வணிகருக்கு, சுங்கச்சாவடிக்கும் தொழிற்சாலைகளுக்கும் நடுவே சமாதி அமைந்திருப்பதைக் கண்டு நான் பல முறை சிரித்துக்கொண்டதுண்டு.

திருவொற்றியூர்க் கரையில் நிற்கும்போது மணலைத் தேடாதீர்கள். அங்கே கருங்கல் பாறைகளைத்தான் கொட்டி வைத்திருக்கிறார்கள். காரணம் தெரிந்துகொள்ளத் தக்கது. நம் கரையோரமாகக் கடல் வருஷத்தில் பெரும் பகுதி மணலைத் தெற்கேயிருந்து வடக்கே நகர்த்திக்கொண்டு போகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் கடலுக்குள் நீண்டதும், அந்த மணல் தடைப்பட்டுத் தெற்கே குவிந்தது. அதுவே இன்று நாம் சுண்டல் தின்றுகொண்டு காற்று வாங்கும் மெரீனா. வடக்கே மணல் வரவு நின்று, கடல் கரையைத் தின்னத் தொடங்கிற்று. இராயபுரம் முதல் எண்ணூர் வரை தெருத் தெருவாகப் போனதெல்லாம் அந்தக் கணக்கில் சேர்ந்ததுதான். இப்பொழுது எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் புதிய சுவர்கள் நீண்டிருப்பதால், அதே கதை இன்னும் வடக்கே, கோரைக்குப்பம் முதலிய ஊர்களில் நடக்கிறது. ஆகவே தீவின் கரையோர வழியில் போகுமுன், ரஸ்தா இருக்கிறதா, கடல் கொண்டு போய்விட்டதா என்று உள்ளூராரை விசாரித்துக்கொள்ளுங்கள்.

பருவத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஐப்பசி, கார்த்திகையில் போகவே வேண்டாம். தை, மாசி மாதங்கள் சிலாக்கியமானவை, வெயில் கடுமையாயிராது, பழவேற்காட்டு ஏரியில் பூநாரைகளும் வந்திருக்கும். பங்குனிக்கு மேல் போகிறவர்கள் விடியற்காலையில் போய்ப் பத்து மணிக்குள் நிழல் தேடிக்கொள்ள வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாதென்று சர்க்கார் தடை உண்டு. அந்த நாட்களில் காசிமேட்டு ஏலத்தைப் பார்க்கலாம் என்று போய் ஏமாறுகிறவர்கள் பலர்.

குடிநீரை நீங்களே கொண்டு போங்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. மீஞ்சூர்ப் பக்கத்தில் பல வருஷங்களாக நிலத்தடி நீரை நகரத்துக்காகவும் பயிருக்காகவும் மிதமிஞ்சி இறைத்ததில், கடல்நீர் உள்ளே புகுந்து கிணறுகள் உப்பாகிப் போயின. பிறகு 2010-ம் வருஷம், இந்தக் காட்டுப்பள்ளியிலேயே, கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் தரக்கூடியதாக அதை அமைத்தார்கள். அந்த நீர் குழாய் வழியாக நகரத்தை நோக்கிப் போகிறது. நம் வீட்டு விளக்குகளில் ஒரு பங்கு எரிவதும் ஆற்றுக்கு அப்பால் நிற்கும் வட சென்னை அனல்மின் நிலையத்தினால். எனவே தீவுக்குப் போய், "இங்கே தண்ணீர் ஒரே உப்பு!" என்று முகத்தைச் சுளிக்க நமக்குப் பாத்தியதை இல்லை. ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டால் நிச்சயம் கொடுப்பார்கள். அது குடம் விலை கொடுத்து வாங்கியதாகவும் இருக்கலாம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். தீவில் வேற்றாளைக் கண்டதும் வரக்கூடிய முதல் கேள்வி, "எந்தக் கம்பெனி சார்? சர்வேயா?" என்பதுதான். இதைக் கேட்டு நகரத்தார் சிலர் கோபித்துக்கொள்கிறார்கள். கோபிக்க நியாயமில்லை. அனல்மின் நிலையத்துக்காக வந்தவர்கள் அளந்தார்கள். 2001-ல் திறந்த எண்ணூர்த் துறைமுகத்துக்காக வந்தவர்கள் அளந்தார்கள். கப்பல் கட்டும் தளத்துக்காக அளந்தபோது காட்டுப்பள்ளிக் குப்பமே இடம் பெயர்ந்தது. காட்டுப்பள்ளித் துறைமுகம் 2018-ல் கை மாறிற்று. அதை ஆறாயிரம் ஏக்கருக்கு மேல் பெருக்குவதென்ற யோசனைக்குப் பொதுஜனக் கருத்துக் கேட்கும் கூட்டம் 2021-லும் 2023-லும் அறிவிக்கப்பட்டுத் தள்ளிப் போடப்பட்டது. இத்தனை அளவு நாடாக்களைக் கண்டவர்கள், கையில் காமிராவோ காகிதமோ வைத்திருப்பவரை நிறுத்தி நாலு கேள்வி கேட்காமல் வேறென்ன செய்வார்கள்?

ஆகையால் குப்பத்துக்குள் நுழைந்தவுடன் யாராவது பெரியவரைக் கண்டு வணக்கம் சொல்லி, உங்கள் பெயர், ஊர், தொழில், வந்த காரியம் நாலையும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். பஞ்சாயத்தார் எங்கே இருப்பார்கள் என்று விசாரித்து அவர்களையும் கண்டுகொள்வது நலம். வயதில் மூத்தவரை "ஐயா" என்றும், ஒத்தவரை "அண்ணா" என்றும், பெண்களை "அக்கா" "அம்மா" என்றும் அழையுங்கள். ஆபீஸ் சேவகனைக் கூப்பிடுகிற பாவனையில் "இந்தாப்பா" என்று கூப்பிட்டால், பதில் வராது. வந்தாலும் உங்களுக்கு ருசிக்காது. கொஞ்ச நேரம் திண்ணையிலோ படகு நிழலிலோ உட்காரச் சொல்லுவார்கள். உட்காருங்கள். அந்தக் கால் மணி நேரத்தில் உங்களைப் பற்றி ஊர் தீர்மானம் செய்துவிடும்.

வலை காயப் போட்டிருந்தால் சுற்றிக்கொண்டு போக வேண்டும். தாண்டலாகாது, மிதிக்கவே கூடாது. படகில் ஏறச் சொன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுங்கள். கடலுக்குப் புறப்படுகிறவரைப் பார்த்து "எங்கே?" என்று கேட்கும் வழக்கத்தை நம் வீட்டுப் பாட்டிமார் கண்டித்தது போலவே அங்கும் கண்டிப்பார்கள். கருவாடு காயும் இடத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு நடப்பது, சமையல் நடக்கும் வீட்டுக்குள் நுழைந்து மூக்கைப் பொத்துவதற்குச் சமானம். ஆடி மாதத்தில் போக நேர்ந்து, அம்மனுக்கு வார்த்த கூழை நீட்டினால், வேண்டாம் என்று சொல்லாமல் ஒரு வாயாவது குடியுங்கள்.

மேலே சொன்னவை கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடியவை. கண்ணுக்குத் தெரியாத மரியாதை ஒன்று உண்டு. அது தண்ணீரைப் பற்றியது. நகரத்தான் கழியைப் பார்த்தால் வெறும் நீர்ப் பரப்பைக் காண்கிறான். அதில் வரப்பு இல்லை, வேலி இல்லை, ஆகவே யாருக்கும் சொந்தமில்லை என்று நினைக்கிறான். உண்மையில், பழவேற்காட்டுக் கழியில் இறால் ஓடும் ஒவ்வொரு வாய்க்காலுக்கும் முறை உண்டு. அதற்குப் "பாடு" என்று பெயர். தமிழில் இச்சொல்லுக்கு உழைப்பு என்றும், படும் துன்பம் என்றும் பொருள் இருப்பதை நேயர்கள் அறிவார்கள். ஏரியில் வளர்ந்த இறால், வற்று நீரோடு கடலை நோக்கி ஓடும். அந்த ஓட்டத்தைக் குறுக்கே மறித்துக் கழிகளை நட்டு வலை கட்டுவார்கள். நல்ல இடங்கள் சிலவே; கட்ட விரும்புகிறவர்களோ பலர். எனவே தலைக்கட்டுகளை வகுப்புகளாகப் பிரித்துச் சீட்டுப் போட்டு, இன்றைக்கு இந்த இடம் இவர்களுக்கு, நாளைக்கு அவர்களுக்கு என்று ஊர் முறை வைத்திருக்கிறது. இன்று நல்ல இடம் கிடைத்தவனுக்கு மறு முறை சுமாரான இடம் கிடைக்கும். எவனும் எப்பொழுதும் கொழிக்க முடியாது. எவனும் எப்பொழுதும் பட்டினி கிடக்கவும் வேண்டியதில்லை.

கரையில் சும்மா உட்கார்ந்திருந்த ஒருவரை, எதிரே இறால் துள்ளுகிறதே, ஏன் போகவில்லை என்று நான் ஒரு சமயம் கேட்டேன். "இன்னிக்கு அந்தத் தண்ணி எங்களுது இல்ல சார். அவங்க பாடு. எங்க பாடு நாளைக்குத்தான்" என்றார். அவர் குரலில் ஏக்கமும் இல்லை, தியாகம் செய்கிற பெருமையும் இல்லை. ஜனநாயகம் என்பதை மேல்நாட்டுப் புஸ்தகங்களிலிருந்து கற்றுக்கொண்டதாக எண்ணும் நம்மைப் போன்ற படித்தவர்கள், அந்தக் கரையில் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கலாம்.

இந்த ஏற்பாடு குறையற்றது என்று நான் சொல்லவில்லை. பாட்டு உரிமை பரம்பரை மீனவத் தலைக்கட்டுகளுக்கே உரியது. பெண்களுக்கும், இருளர் முதலிய மற்றவர்களுக்கும் அதில் இடமில்லை. அதனால் சச்சரவுகளும் உண்டு. அந்த இருளர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆணும் பெண்ணும் கழியில் மார்பளவு நீரில் குனிந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். ஓலையில் முடைந்த "பறி"யைப் பல்லால் கவ்விக்கொண்டு, பிடித்த இறாலை அதில் போட்டுக்கொண்டே நகர்வார்கள். இரண்டு கையும் சேற்றில், வாயில் பறி, ஆகையால் பேசவும் முடியாது. இந்த நிலையில் இருக்கும் பெண்களைக் கரையிலிருந்து படம் பிடிக்கிறவர்களை நான் கண்டிருக்கிறேன். வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு வாய் ஓய்வாயில்லை என்பதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளலாகாது. கரையேறிய பிறகு கேளுங்கள், சம்மதித்தால் எடுங்கள்.

நீரில் கல்லெறிவது, குறுக்கே நீந்திக் காட்டுவது, இரவில் டார்ச்சு விளக்கை நீரின் மேல் அடிப்பது இவையெல்லாம் பிறர் வயலில் மாட்டை விடுவதற்கு ஒப்பானவை என்பது இப்போது விளங்கும்.

கழியின் தென்பகுதியில், எண்ணூர்ப் பக்கம், சேறு சாம்பல் நிறமாயிருக்கும். அனல்மின் நிலையத்துச் சாம்பற் குழம்பு குழாய் உடைந்து கசிந்ததன் விளைவு அது. மேலே காய்ந்து தரைபோல் தோன்றும். கால் வைத்தால் முழங்கால் வரை உள்ளே போகும். குழந்தைகளை அங்கே விடாதீர்கள். துறைமுக வேலிகளுக்கு அருகே படம் எடுப்பதும் கூடாது. காவலர்கள் பிடித்து உட்கார வைத்துவிடுவார்கள். அடையாளச் சீட்டு ஒன்று கையில் இருக்கட்டும். முகத்துவாரங்களில் குளிப்பதையும் தவிர்க்க வேண்டும். கரையிலிருந்து பார்க்கச் சாதுவாய்த் தோன்றும் நீர், வற்றும்போது ஆளை இழுக்கும்.

மீன் வாங்காமல் திரும்புவது அழகல்ல. மடவை, கொடுவா, கிழங்கான், பச்சை நண்டு எல்லாம் கிடைக்கும். விலை பேசலாம். ஆனால் முதல் வியாபாரத்துக்கு நீங்கள் அகப்பட்டுக்கொண்டால், போணி சமயத்தில் நெடுநேரம் பேரம் பேசிவிட்டு வாங்காமல் எழுந்து போகாதீர்கள். மற்றொன்று: "இந்த மீனைத் தின்னலாமா? எண்ணெய் இல்லையே?" என்று கூடைக்காரியின் முகத்தெதிரே கேட்காதீர்கள். 2017 ஜனவரி 28-ல் எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, வாளியும் கையுமாக அந்தக் கசண்டை வாரியவர்களில் மீனவர்களும் இருந்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் ஆற்றுக்குள் வந்து, படகும் வலையும் வீட்டுச் சுவரும் கறுத்துப் போயின. கூழைக்கடா நாரைகள் கறுத்த இறகுடன் நின்றன. அப்பொழுது வாரக் கணக்கில் எவரும் அவர்கள் மீனை வாங்கவில்லை. எண்ணெயைக் கொட்டியது அந்தக் கூடைக்காரி அல்ல. சந்தேகமிருந்தால் பேசாமல் வாங்காதிருங்கள்.

பழவேற்காட்டில் பார்க்க வேண்டியவை பல. டச்சுக்காரர் 1613-ல் கெல்டிரியா கோட்டையைக் கட்டி, இந்தக் கரையின் வர்த்தகத்தை அங்கிருந்து நடத்தினார்கள். 1825-ல் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. கோட்டை இன்று மேடும் புதருமாய்க் கிடக்கிறது. கல்லறைத் தோட்டம் மட்டும் நன்றாயிருக்கிறது. வாசலில் இரண்டு எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். குழந்தைகள் அவற்றின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளட்டும். கல்லறைகளின் மேல் உட்கார்ந்து சோற்று மூட்டையை அவிழ்க்க வேண்டாம். இந்த ஊரிலிருந்து கப்பலேறிய கைத்தறித் துணியின் பெயரால்தான் மலாய்க்காரர் இன்றும் தங்கள் கைலியைப் "பெலெக்காட்" என்கிறார்கள். அதே கப்பல்களில் பஞ்ச காலங்களில் நம் ஜனங்களை அடிமைகளாக விலைக்கு வாங்கி ஏற்றிச் சென்றதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பள்ளிக்கூடப் பாடத்தில் துணி வருகிறது, அடிமைகள் வருவதில்லை.

ஏரியைக் கண்டவுடன் குழந்தைகள் படகில் போக வேண்டுமென்று அடம் பிடிக்கும். இங்கே மட்டும் நேயர்கள் கண்டிப்பாயிருக்க வேண்டும். 2011 டிசம்பர் 25-ம் தேதி, உல்லாசமாகப் படகேறிய உறவுக் கூட்டம் ஒன்று கவிழ்ந்து 22 பேர் மாண்டு போனார்கள். படகு தாங்குவதற்கு மேல் ஆட்கள். மிதவைச் சட்டை இல்லை. அதன் பின் பிரயாணிகளைப் படகில் ஏற்றுவதைச் சர்க்கார் தடுத்துவிட்டது. இருந்தும் இரண்டாயிரம் ரூபாயை நீட்டி மீனவரைச் சபலப்படுத்துகிறவர்கள் உண்டு. அன்றைக்கு வலையில் ஒன்றும் விழாதவரிடம் அதை நீட்டுவது அவரைச் சோதிப்பதாகும். அகப்பட்டால் பிரயாணி பஸ் ஏறிப் போய்விடுவார்; படகு இழந்து நிற்பவர் அவர்தான்.

கொண்டு போன இலையையும் காகிதத்தையும் தண்ணீர்ப் பாட்டில்களையும் மறுபடி மூட்டையில் கட்டிக்கொண்டு புறப்படுங்கள். பொன்னேரிக்குத் திரும்பும் பஸ்கள் இருட்டிய பிறகு அபூர்வமாகிவிடும். காலையில் இறங்கும்போதே கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று கண்டக்டரைக் கேட்டு, கையில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.